சென்னை–யாழ்ப்பாணம் வான்வழி

சென்னை–யாழ்ப்பாணம் வான்வழி என்பது இந்தியாவின் தமிழ்நாட்டில் உள்ள சென்னை பன்னாட்டு விமான நிலையத்தையும், இலங்கையின் வட மாகாணத்தில் பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையத்தையும் இணைக்கும் வான்வழியாகும். இரு நிலையங்களுக்கும் இடையிலான நேர்த் தொலைவு ஏறத்தாழ 353 கிமீ (219 மைல், 191 கடல் மைல்) ஆகும். ஏ.டி.ஆர். 72 வகை வானூர்தியில் இத்தொலைவைக் கடக்க, அட்டவணைப்படி 75 முதல் 90 நிமிடங்கள் வரை ஆகின்றன.

இவ்வழியில் முதல் பயணிகள் சேவை 1947 இல் தொடங்கியது. 1970களின் இறுதிக்குப் பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நேரடிச் சேவை இருக்கவில்லை. அக்காலத்தில் ஒரு நகரிலிருந்து மற்றதற்குச் செல்வோர் கொழும்பு வழியாகவே செல்ல வேண்டியிருந்தது. 2019 இல் சேவை மீண்டும் தொடங்கப்பட்டது. இரு இடங்களுக்கு இடையிலான தொலைவு மாறாதிருக்க, பயண நேரம் மட்டும் போர், எல்லை, ஓடுபாதை, சாலை ஆகியவற்றால் எவ்வாறு மாறுகிறது என்பதற்கு இவ்வான்வழி ஓர் எடுத்துக்காட்டாகும்.

அமைவிடம்

சென்னை விமான நிலையம் நகரின் தென்மேற்கே மீனம்பாக்கம், திரிசூலம் பகுதியில், நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிமீ தொலைவில் அமைந்துள்ளது. இதன் அமைவிடம் வடக்கு அகலாங்கு 12° 59′, கிழக்கு நெட்டாங்கு 80° 10′ ஆகும். பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கம் இதற்கு வழங்கியுள்ள குறியீடு எம்.ஏ.ஏ. என்பதாகும். இது மதராசு என்னும் பழைய பெயரை ஒட்டியது. முதன்மை ஓடுபாதை 3,658 மீட்டர் நீளமுடையது.

யாழ்ப்பாணம் விமான நிலையம் யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிமீ வடக்கே, குடாநாட்டின் வட கரையை ஒட்டிப் பலாலியில் அமைந்துள்ளது. இதன் அமைவிடம் வடக்கு அகலாங்கு 9° 48′, கிழக்கு நெட்டாங்கு 80° 04′ ஆகும். இதன் குறியீடு ஜே.ஏ.எப். ஆகும். இரு நிலையங்களும் கடல் மட்டத்திலிருந்து 20 மீட்டருக்கும் குறைவான உயரத்திலேயே உள்ளன.

இரு நெட்டாங்குகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. எனவே யாழ்ப்பாணம் சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கில் உள்ளது எனலாம். இரு நிலையங்களையும் இணைக்கும் கோடு கல்பாக்கத்தை அண்டித் தமிழ்நாட்டுக் கரையைக் கடந்து வங்காள விரிகுடாவில் நுழைகிறது. பின்னர் புதுச்சேரி, நாகப்பட்டினம், கோடியக்கரை ஆகியவற்றுக்குக் கிழக்கே 20 முதல் 35 கிமீ தொலைவில் கடலின் மேலாகவே சென்று, பாக்கு நீரிணையைக் கடந்து பலாலியை அடைகிறது. மொத்தத் தொலைவில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல் கடல் ஆகும்.

தொலைவு

பெருவட்டத் தொலைவு

புவி ஏறக்குறைய கோள வடிவம் உடையது. ஆதலால் அதன் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி நேர்கோடாக அமையாது, ஒரு வில்லாகவே அமையும். புவியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட வட்டம் பெருவட்டம் எனப்படும். அவ்விரு இடங்களின் வழியே செல்லும் பெருவட்டத்தின் சிறிய வில்லே அவற்றுக்கு இடையிலான பெருவட்டத் தொலைவாகும். விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவு எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது இதுவே.

நெடுந்தொலைவு வழிகளில் பெருவட்டம் தட்டை வரைபடத்தில் வளைந்து தோன்றும். சான்றாக, இந்தியாவிலிருந்து வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் செல்லும் குறுகிய வழி வடதுருவத்தை அண்டிச் செல்கிறது. சென்னை–யாழ்ப்பாணம் வழி ஏறத்தாழ ஒரே நெட்டாங்கில் அமைவதால் வரைபடத்திலும் நேர்கோடாகவே தோன்றுகிறது. எந்த நெட்டாங்கும் தன்னளவில் ஒரு பெருவட்டத்தின் பகுதி என்பதே இதற்குக் காரணம்.

கணக்கிடும் முறை

இவ்வழியின் தொலைவைத் தாளும் எழுதுகோலும் கொண்டே கணக்கிடலாம். இரு நிலையங்களின் அகலாங்குகளுக்கு இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 3.19 பாகை. ஒரு பாகையில் 60 கலைகள் உள்ளன. ஆகவே வேறுபாடு 191 கலைகளாகும். கடல் மைல் என்னும் அலகு தொடக்கத்தில் அகலாங்கின் ஒரு கலைக்குரிய நீளமாகவே வரையறுக்கப்பட்டது. பின்னர் அது 1.852 கிமீ என நிலைநிறுத்தப்பட்டது. எனவே இரு நிலையங்களுக்கும் இடையே ஏறத்தாழ 191 கடல் மைல், அதாவது சற்றொப்ப 354 கிமீ தொலைவு உள்ளது.

ஆரம் 6,371 கிமீ உடைய முழுக் கோளமாகப் புவியைக் கொண்டு கணக்கிட்டால் 355 கிமீ என விடை வரும். ஆனால் புவி துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதனால் நிலநடுக்கோட்டை அண்டிய பகுதிகளில் அகலாங்கின் ஒரு பாகைக்குரிய நீளம் துருவப் பகுதிகளில் உள்ளதைவிடச் சிறிது குறைவு. புவியிடங்காட்டிக் கருவிகளும் வான்வழி வரைபடங்களும் பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் நீளுருண்டை மாதிரி இத்தட்டையைக் கணக்கில் கொள்கிறது. அதன்படி விடை ஏறத்தாழ 353 கிமீ ஆகும். வெவ்வேறு அட்டவணைகளில் இத்தொலைவு ஓரிரு கிலோமீட்டர் வேறுபட்டுக் காணப்படுவதற்கு இதுவும், நிலையத்தின் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கப்படுகிறது என்பதுமே காரணங்களாகும்.

ஒப்பீடு

சென்னை விமான நிலையத்திலிருந்து வேறு சில நிலையங்களுக்கு உள்ள பெருவட்டத் தொலைவுகள் (ஏறத்தாழ) பின்வருமாறு:

* யாழ்ப்பாணம் – 353 கிமீ
* கோயம்புத்தூர் – 403 கிமீ
* மதுரை – 415 கிமீ
* தூத்துக்குடி – 526 கிமீ
* கொழும்பு (கட்டுநாயக்கா) – 642 கிமீ

இதன்படி, சென்னையிலிருந்து வான்வழியில் யாழ்ப்பாணம் மதுரையை விடவும் கோயம்புத்தூரை விடவும் அண்மையில் உள்ளது. திருச்சிராப்பள்ளி விமான நிலையம் யாழ்ப்பாணத்திற்கு இன்னும் அண்மையில், ஏறத்தாழ 184 கிமீ தொலைவில் அமைந்துள்ளது.

சென்னையையும் கட்டுநாயக்காவையும் இணைக்கும் பெருவட்டக் கோடு, பலாலிக்கு மேற்கே 7 கிமீக்கும் குறைவான தொலைவில் செல்கிறது. சென்னை–யாழ்ப்பாணம் 353 கிமீ, யாழ்ப்பாணம்–கட்டுநாயக்கா 290 கிமீ. இவற்றின் கூட்டுத்தொகை 643 கிமீ. இது நேர்த் தொலைவான 642 கிமீயுடன் ஏறத்தாழ ஒத்துள்ளது. அதாவது யாழ்ப்பாணம் சென்னை–கொழும்பு வழியின் மேலேயே அமைந்துள்ளது.

பயண நேரம்

பறக்கும் நேரமும் அட்டவணை நேரமும்

ஏ.டி.ஆர். 72 வகை வானூர்தி சுமார் 70 பயணிகளை ஏற்றக்கூடிய டர்போபுராப் வகையைச் சேர்ந்தது. இதன் பயண வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிமீ ஆகும். இவ்வேகத்தில் 353 கிமீ தொலைவைக் கடக்க 42 நிமிடங்கள் போதும். எனினும் அட்டவணைகளில் இதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் குறிக்கப்படுகிறது.

அட்டவணையில் காணப்படுவது பறக்கும் நேரம் அன்று. வானூர்தி தன் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்குவதிலிருந்து, சேருமிடத்தில் நிறுத்தப்படும் வரையிலான முழு நேரமே அட்டவணையில் குறிக்கப்படுகிறது. இதில் பின்வருவன அடங்கும்:

* நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதலும், புறப்பாட்டு வரிசையில் காத்திருத்தலும். சென்னை போன்ற நெரிசல் மிகுந்த நிலையத்தில் இது கணிசமானது.
* மேலேறுதல். இப்போது வானூர்தியின் வேகம் பயண வேகத்தை விடக் குறைவாக இருக்கும்.
* ஓடுபாதையின் திசையிலிருந்து வழியின் திசைக்குத் திரும்புதல். சென்னையின் முதன்மை ஓடுபாதை கிழக்கு–மேற்குப் போக்கிலும், பலாலியின் ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்குப் போக்கிலும் உள்ளன. வழியோ வடக்கு–தெற்கானது. எனவே இரு முனைகளிலும் சுற்றித் திரும்ப வேண்டியுள்ளது.
* சென்னை, கொழும்பு ஆகிய இரு வான் தகவல் வலயங்களுக்கு இடையே கட்டுப்பாடு கைமாறுதல். வானூர்திகள் இதற்கெனக் குறிக்கப்பட்ட புள்ளிகளின் வழியே செல்வதால் உண்மையில் பறக்கும் தொலைவு பெருவட்டத் தொலைவை விடச் சற்றுக் கூடும்.
* கீழிறங்குதல், தரையிறங்குதல், நிறுத்துமிடம் வரை ஊர்ந்து செல்லுதல்.
* காலதாமதத்தை ஈடுசெய்ய நிறுவனங்கள் சேர்த்துக்கொள்ளும் சில நிமிடங்கள்.

மேற்கூறியவற்றில் பெரும்பகுதி தொலைவைப் பொறுத்து மாறுவதில்லை. 353 கிமீ பறந்தாலும் 3,000 கிமீ பறந்தாலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்ல ஏறத்தாழ ஒரே நேரமே ஆகும். ஆகவே குறுந்தொலைவு வழிகளில் சராசரி வேகம் மிகக் குறைவாகத் தோன்றும். 80 நிமிடத்தில் 353 கிமீ என்பது மணிக்கு ஏறத்தாழ 265 கிமீ மட்டுமே. வேகம் மிகுந்த தாரை வானூர்தியை இவ்வழியில் பயன்படுத்தினாலும் மிஞ்சும் நேரம் சில நிமிடங்களேயாகும்.

காற்றின் தாக்கம்

கிழக்கு–மேற்காகச் செல்லும் நெடுந்தொலைவு வழிகளில் உயர்வான் காற்றோட்டம் காரணமாகப் போகும் நேரமும் வரும் நேரமும் பெரிதும் வேறுபடுவது உண்டு. சென்னை–யாழ்ப்பாணம் வழியில் இவ்வேறுபாடு சிறிது. வழி வடக்கு–தெற்காக அமைவதால், கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வீசும் காற்று வானூர்தியைப் பக்கவாட்டில் தள்ளுமேயன்றி, முன்னோ பின்னோ தள்ளுவது குறைவு. மணிக்கு 30 கிமீ வேகத்தில் நேர் எதிர்க்காற்று வீசினால் பறக்கும் நேரம் 45 நிமிடமாகவும், அதே வேகத்தில் பின்காற்று வீசினால் 40 நிமிடமாகவும் இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும் புயல்களும் காற்றை விடப் பெரிய தடையாகும். அக்காலத்தில் சேவைகள் தாமதமாவதும் நிறுத்தப்படுவதும் உண்டு.

நேர வலயம்

இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரத்தை, அதாவது ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தினும் ஐந்தரை மணி முந்திய நேரத்தைக் கடைப்பிடிக்கின்றன. எனவே புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நேரடியாகக் கழித்தே பயண நேரத்தை அறியலாம். எல்லாக் காலங்களிலும் இவ்வாறு இருக்கவில்லை. மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு 1996 இல் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன் நகர்த்தி, அதே ஆண்டின் பிற்பகுதியில் அதில் அரை மணி நேரத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்திற்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில், சில இடங்களில் பழைய நேரமும் வழக்கில் இருந்தது.

வரலாறு

தொடக்கக் காலம்

இந்தியாவின் முதல் முறையான வான் அஞ்சல் சேவை 1932 அக்டோபர் 15 அன்று தொடங்கியது. ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு வானூர்தியைச் செலுத்தினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குச் செலுத்தினார். 1938 இல் இச்சேவை கொழும்பு வரை நீட்டிக்கப்பட்டது.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வான்படையால் அமைக்கப்பட்டதாகும். போர் முடிந்த பின் அது குடிசார் பயன்பாட்டிற்கு வந்தது. இலங்கையின் முதல் தேசிய வானூர்தி நிறுவனமான எயார் சிலோன், தன் முதற் சேவையை 1947 டிசம்பர் 10 அன்று தொடங்கியது. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டக்கோட்டா வகை வானூர்தி யாழ்ப்பாணம் வழியாகச் சென்னையை அடைந்தது. அந்நிறுவனத்தின் டக்கோட்டா வானூர்திகளுக்குச் சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்ரா தேவி எனப் பெயரிடப்பட்டிருந்தது. ஆக, இலங்கையின் தேசிய நிறுவனத்தினது முதற் பயணமே இவ்வழியில் அமைந்தது குறிப்பிடத்தக்கது.

டக்கோட்டாவின் பயண வேகம் மணிக்கு ஏறத்தாழ 280 கிமீ. அவ்வேகத்தில் யாழ்ப்பாணத்திற்கும் சென்னைக்கும் இடையே பறக்கும் நேரம் ஏறத்தாழ 75 நிமிடங்களாகும். பின்னர் அவ்ரோ 748 வகை வானூர்திகளும் எயார் சிலோனின் குறுந்தொலைவுச் சேவைகளில் பயன்படுத்தப்பட்டன.

சேவை நின்ற காலம்

1978 செப்டம்பர் 7 அன்று எயார் சிலோனின் அவ்ரோ வானூர்தி ஒன்று இரத்மலானையில் தரையில் நின்றிருந்தபோது குண்டுவெடிப்பில் அழிந்தது. அடுத்த ஆண்டில் எயார் லங்கா என்னும் புதிய நிறுவனம் எயார் சிலோனின் இடத்தைப் பெற்றது. இக்காலத்தில் யாழ்ப்பாணத்திற்கும் தமிழ்நாட்டிற்கும் இடையிலான வான் சேவை நின்றது. 1983 சூலைக்குப் பின் உள்நாட்டுப் போர் தீவிரமடைந்தபோது, பலாலி இலங்கை வான்படைத் தளமாக ஆனது. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதி காக்கும் படையும் இத்தளத்தைப் பயன்படுத்தியது.

1990 இல் போர் மீண்டும் தொடங்கியபோது யாழ்தேவி தொடருந்துச் சேவை குடாநாட்டை அடைவது நின்றது. ஏ-9 நெடுஞ்சாலையும் மூடப்பட்டது. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டை விட்டு வெளியேறுவோர் கிளாலி நீரேரியைப் படகில் கடந்தனர். குடாநாடு அரச படைகளின் கட்டுப்பாட்டில் வந்த பின், பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே உள்நாட்டு வான் சேவைகள் நடைபெற்றன. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் வானூர்தி மன்னார் அருகே கடலில் வீழ்ந்ததில், அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தனர். ஏ-9 நெடுஞ்சாலை 2002 இல் திறக்கப்பட்டு, 2006 ஆகத்தில் மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் போர் முடியும் வரை கப்பலும் வானூர்தியுமே குடாநாட்டு மக்களுக்கு வெளியுலகத் தொடர்பாக இருந்தன.

கொழும்பு வழிச் சுற்றுப் பயணம்

நேரடிச் சேவை இல்லாத காலத்தில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் முதலில் 642 கிமீ பறந்து கட்டுநாயக்காவை அடைந்தனர். மேலே ஒப்பீட்டில் காட்டியவாறு, அவ்வழி யாழ்ப்பாணத்தை அண்டியே செல்கிறது. அங்கு இறங்க இயலாத பயணி 290 கிமீ அப்பால் இறங்கி, பின்னர் ஏறத்தாழ 400 கிமீ தரைவழியே வடக்கு நோக்கித் திரும்பி வர வேண்டியிருந்தது. 353 கிமீ தொலைவுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம் தேவைப்பட்டது.

சாலை திறந்திருந்த காலத்திலும் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை பேருந்தில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். விமான நிலையக் காத்திருப்பும் சேர, முழுப் பயணம் அரை நாளைத் தாண்டும். சாலை மூடியிருந்த காலத்திலோ, பயண அனுமதி பெறுவதற்கும் கப்பலிலோ வானூர்தியிலோ இடம் பெறுவதற்கும் நாட்களும் வாரங்களும் ஆயின. தமிழ்நாட்டில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில், போருக்குப் பின் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் உதவியுடன் நாடு திரும்பியோரும் கொழும்பு வழியாகவே தம் ஊர்களை அடைந்தனர். மருத்துவம், கல்வி, திருமணம், இறப்பு ஆகிய தேவைகளுக்காக இரு கரைகளுக்கும் இடையே பயணம் செய்த குடும்பங்களுக்கு இச்சுற்றுவழி பெருஞ்செலவையும் கால இழப்பையும் ஏற்படுத்தியது. இறுதிச் சடங்கிற்கு உரிய நேரத்தில் சென்று சேர்வது அரிதாக இருந்தது.

மீண்டும் தொடக்கம்

பலாலி நிலையம் புனரமைக்கப்பட்டு, யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம் என்னும் பெயரில் 2019 அக்டோபர் 17 அன்று திறந்து வைக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் வானூர்தி ஒன்று அங்கு தரையிறங்கியது. பயணிகளுக்கான சேவை 2019 நவம்பர் 11 அன்று தொடங்கியது. கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச்சில் அது நின்றது. இரண்டரை ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின், 2022 டிசம்பர் 12 அன்று அலையன்ஸ் ஏர் மீண்டும் பறக்கத் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 அன்று இண்டிகோ நிறுவனமும் இவ்வழியில் சேவையைத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் அதே நிறுவனம் திருச்சிராப்பள்ளியிலிருந்து யாழ்ப்பாணத்திற்கும் சேவையைத் தொடங்கியது. இவை அனைத்தும் ஏ.டி.ஆர். 72 வகை வானூர்திகளைக் கொண்டே தொடங்கப்பட்டன.

தரைப் பயணமும் மொத்தப் பயண நேரமும்

வானூர்திப் பயணத்தின் உண்மையான நேரம் வீட்டு வாசலிலிருந்து சேருமிடத்து வாசல் வரை கணக்கிடப்பட வேண்டியதாகும். குறுந்தொலைவு வழிகளில் தரையில் செலவாகும் நேரமே மிகுதி. சென்னையின் மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டித் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் அமைந்த தண்டலத்திலிருந்து ஒருவர் புறப்படுவதாகக் கொண்டால் கணக்கு ஏறத்தாழ பின்வருமாறு அமையும்:

* தண்டலம் முதல் மீனம்பாக்கம் வரை சாலைப் பயணம் – 60 நிமிடம்
* பன்னாட்டுப் பயணத்திற்கான முன்வருகை – 180 நிமிடம்
* அட்டவணைப் பயண நேரம் – 80 நிமிடம்
* பலாலியில் குடிவரவு, சுங்கச் சோதனை – 45 நிமிடம்
* பலாலி முதல் யாழ்ப்பாண நகர் வரை – 30 நிமிடம்

மொத்தம் ஏறத்தாழ ஆறரை மணி நேரம். இதில் பயண வேகத்தில் பறப்பதற்குத் தேவையான 42 நிமிடங்கள் ஒன்பதில் ஒரு பங்கேயாகும். தண்டலத்திலிருந்து மீனம்பாக்கம் வரையிலான சாலைத் தொலைவு 30 கிமீக்கு உட்பட்டதே. எனினும் அது வான்வழியின் 353 கிமீக்கு ஆகும் நேரத்தை விடக் கூடுதலான நேரத்தை எடுத்துக்கொள்ளக்கூடும். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் சரக்குந்துகளும் பணியாளர் பேருந்துகளும் இச்சாலைகளில் மிகுதி. பணிமுறை மாறும் வேளைகளில் பயண நேரம் மேலும் கூடும். எனவே இவ்வட்டாரத்திலிருந்து புறப்படுவோர் தொலைவைக் கொண்டன்றி, வேளையைக் கொண்டே புறப்பாட்டைத் திட்டமிடுதல் வழக்கம்.

ஓடுபாதையும் நிலமும்

பயண நேரத்தைக் குறைக்கும் ஓடுபாதைகளுக்குப் பெருமளவு நிலம் தேவைப்படுகிறது. இவ்வான்வழியின் இரு முனைகளிலும் இந்நிலம் குறித்த கேள்வி எழுந்துள்ளது.

பலாலியைச் சுற்றிய பகுதி போர்க்காலத்தில் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. பலாலி, மயிலிட்டி உள்ளிட்ட ஊர்களின் மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்த பின் இந்நிலங்களின் பகுதிகள் கட்டம் கட்டமாக உரியவர்களிடம் மீளக் கையளிக்கப்பட்டன. எனினும் கையளிக்கப்படாத நிலம் தொடர்பான கோரிக்கைகள் தொடர்ந்தன. பெரிய தாரை வானூர்திகள் இறங்குவதற்கு ஓடுபாதையின் பயன்பாட்டு நீளம் போதாமையால், நேரடிச் சேவைகள் சிறிய வானூர்திகளைக் கொண்டு தொடங்கப்பட்டன. ஓடுபாதையை விரிவாக்கும் திட்டம் பேசப்படும்போதெல்லாம், சுற்றியுள்ள காணிகளின் உரிமையும் சேர்ந்தே பேசப்படுகிறது.

சென்னை முனையில், மீனம்பாக்கம் நிலையம் குடியிருப்புகளாலும் அடையாற்றாலும் மலையாலும் சூழப்பட்டிருப்பதால் அதன் விரிவாக்கத்திற்கு எல்லை உள்ளது. இதனால் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூரை மையமாகக் கொண்டு இரண்டாவது விமான நிலையம் அமைக்கும் திட்டம் 2022 ஆகத்தில் அறிவிக்கப்பட்டது. 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் தேவைப்படும் இத்திட்டத்தின் எல்லைக்குள் பரந்தூர், ஏகனாபுரம், நெல்வாய், தண்டலம் உள்ளிட்ட 13 ஊர்களின் நிலங்கள் அடங்குகின்றன. தண்டலம் என்னும் பெயரில் இம்மாவட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருப்பதால், நெடுஞ்சாலைத் தண்டலத்தையும் திட்டப் பகுதித் தண்டலத்தையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. வயல்களும் ஏரிகளும் நிறைந்த இவ்வூர்களில், குறிப்பாக ஏகனாபுரத்தில், நிலம் எடுப்பதற்கு எதிராக நீண்ட காலம் தொடர் போராட்டம் நடைபெற்றது. வளர்ந்து வரும் பயணிகள் எண்ணிக்கைக்கும் தொழில் வளர்ச்சிக்கும் புதிய நிலையம் இன்றியமையாதது என்பது அரசின் நிலைப்பாடாகும். வேளாண்மையும் நீர்நிலைகளும் குடியிருப்புகளும் அழியும் என்பது எதிர்ப்போரின் வாதமாகும். 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு இத்திட்டத்திற்குக் கொள்கையளவிலான ஒப்புதலை வழங்கியது.

பரந்தூரிலிருந்து பலாலி வரையிலான பெருவட்டத் தொலைவும் ஏறத்தாழ 350 கிமீயாகும். எனவே புறப்படும் நிலையம் மாறினாலும் வான்வழித் தொலைவில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படாது. மாறுவது தரைப் பயணமேயாகும். திருப்பெரும்புதூர், காஞ்சிபுரம் வட்டாரத்தினர் விமான நிலையத்திற்கு அண்மையராவர். சென்னையின் கிழக்கு, தெற்குப் பகுதிகளில் வாழ்வோர் அதற்குச் சேய்மையராவர்.

கடல்வழியுடன் ஒப்பீடு

1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னையிலிருந்து தொடருந்தில் தனுசுக்கோடி சென்று, அங்கிருந்து கப்பலில் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் தொடருந்தில் செல்லும் போட் மெயில் வழி புகழ்பெற்றிருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுசுக்கோடி அழிந்த பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து இயங்கியது. 1980களில் போரினால் அதுவும் நின்றது.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் சேவை தொடங்கியது. ஏறத்தாழ 110 கிமீ உள்ள இக்கடல்வழியைக் கடக்க நான்கு மணி நேரம் அளவில் ஆகும். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பினால் இச்சேவை இடைநிறுத்தப்படுவதுண்டு. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் செல்லவே ஓர் இரவுப் பயணம் தேவைப்படுவதால், சென்னையைச் சேர்ந்தவர்களுக்கு வான்வழியே விரைவானதாகும். காவிரிப் படுகை மாவட்டங்களில் வாழ்வோருக்குக் கடல்வழியும் திருச்சிராப்பள்ளி வான்வழியும் அண்மையானவை.

இவற்றையும் பார்க்க

* பெருவட்டம்
* கடல் மைல்
* சென்னை பன்னாட்டு விமான நிலையம்
* யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையம்
* எயார் சிலோன்
* பாக்கு நீரிணை